தொண்டை மிட்டாய் டப்பா

கடைசி மிட்டாயைக் கடித்து முடித்த இரவில்
டப்பாவைக் கழுவி ஹீட்டர் மேல் காயவைத்தேன்.
உள்ளங்கை அகலம், கட்டைவிரல் தடிமன்.
மூடியில் ஒரு கொக்கு, ஒரு கால் தேய்ந்துபோய்.
குஷிரோவின் பனிமூட்டம் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
இரண்டு முறை ஊதிவிட்டு யோசித்தது.

நுகினா சொல்வாள்:
மூன்று நாள் தண்ணீர், மூன்று நாள் சோறு,
வாசலிலேயே முதுகுப்பை.
சரிதான் நுகினா.
ஆனால் நாம் வாசலில் நிற்கும்போதுதான்
நிலம் குலுங்கும் என்று
யார் உனக்கு எழுதிக் கொடுத்தது?
நான் பாதி நாள் மீன் ஆலையில், ரப்பர் பூட்ஸுக்குள்.
மீதி நாள் பேருந்தில்.
இன்னும் கொஞ்சம், சொன்னால் சிரிப்பாய், லிஃப்டில்.

முதலில் போட்டது தூண்டில் முள்.
உடனே எடுத்தேன்.
இந்த ஊரில் பட்டினியால் சாவதற்கு முன்
யாராவது ஒரு மீனை நம் மேல் எறிந்துவிடுவார்கள்.
அடுத்து சின்னக் கத்தி.
ரயில் நிலையத்து எதிரே நிற்கும் இளம் போலீஸ்காரருக்குப்
பதில் சொல்ல வேண்டிய பொருள் அது.
நானோ சும்மா பெயர் கேட்டாலே திணறுபவள்.
கத்தி இழுப்பறைக்குத் திரும்பியது.

விசில் உள்ளே.
நூல் கோத்த ஊசி உள்ளே
(இருட்டில் கோக்க வராது, கண்ணை மூடிக்கொண்டு
கால் மணி நேரம் முயன்றுவிட்டேன்).
ஊக்கு மூன்று, பிளாஸ்டர் நான்கு,
நகத்தளவு விளக்கு ஒன்று,
பொதுத் தொலைபேசிக்கு ஆறு பத்து யென் காசு.
பிறகு, எண்கள் எழுத ஒரு துண்டுக் காகிதம்.
எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது
எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒரே எண்:
ஹகோடேட்டில் ஷிகேதோவின் சைக்கிள் கடை.
பிரிந்து ஏழு வருடம்.
எழுதினேன்.
காகிதத்தில் அதற்கு ஒன்றும் எடையில்லை.

மூடி பொருந்தவில்லை.
ஒரு தீக்குச்சியின் கனம் இடித்தது.
தீக்குச்சிகளை எடுத்தேன்.

அதன்பின் இரண்டு குளிர்காலம் ஒன்றுமே நடக்கவில்லை.
அதாவது, பேரழிவு என்று எதுவும்.
தேர்வுக்கு ஓடிய ஒரு பையனின் பேன்ட்
பேருந்துப் படியில் கிழிந்தது. போயின மூன்று ஊக்கும்.
பிளாஸ்டர்கள் ஆலையில் பிறர் கட்டைவிரல்களுக்கு.
ஊசி, நுகினாவின் கோட்டுப் பொத்தானுக்குப் போனது
போனதுதான்.
காசைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
ஜனவரியில் ஒரு விடியற்காலை
நிறுத்தத்து இயந்திரத்தில் சூடான சோள சூப்.
பர்ஸில் அறுபது யென் குறைந்தது.
டப்பாவில் அறுபது யென் இருந்தது.
அதுவும் உயிர் பிழைத்ததுதான், என்னைக் கேட்டால்.

அக்டோபரில் குலுங்கியது.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.
விளக்குப் போனது.
என்னோடு ஆறாம் மாடிக்காரர், பெயர் தெரியாது,
கையில் முட்டை அட்டை.
டப்பாவைத் திறந்தேன்.
நக விளக்கு எரிந்தது, அதன் வெளிச்சத்தில்
எவ்வளவு காலி என்பதும் தெரிந்தது.
விசிலை எடுத்து ஊதினேன். மூன்று, நிறுத்தி, மூன்று.
பெட்டியளவு இடத்தில் அது எவ்வளவு பயங்கரம் என்று
எந்த ஒத்திகையிலும் சொல்லவில்லை.
அவர் அட்டையை நழுவவிட்டார்.
பத்தில் ஏழு.
மன்னிக்கவும் என்றேன்.
எஸாகா என்றார். அது அவர் பெயர்.
மூன்று மணி நேரம் அவரும் நானும்
மூன்று முட்டையும்.

வெளியே ஊர் மொத்தமும் கறுப்பு.
கடைவாசல் பச்சைத் தொலைபேசி முன் வரிசை.
அன்றிரவு அது யாரிடமும் காசு கேட்கவில்லை.
காகிதத்தைப் பார்க்காமலே விரல் எண்ணைப் போட்டது.
நான்காவது மணியில், "சைக்கிள் கடை" என்றது குரல்,
நடுராத்திரியிலும் அதே வியாபாரத் தொனியில்.
"நான்தான். ஒன்றுமில்லை. முட்டைதான் உடைந்தது."
அவன் ஏதோ கேட்டான்.
பின்னால் ஒருத்தி குழந்தையோடு நின்றாள்.
வைத்துவிட்டேன்.

இப்போது மறுபடி நிரப்புகிறேன்.
ஊக்கு ஆறு. ஊசி இரண்டு, ஒன்று நுகினாவின் கணக்கில்.
சூப்புக்கு நூற்று முப்பது யென், ஒளிக்காமல்.
மூடி சுத்தமாகப் பொருந்தவில்லை,
கொக்கு ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறது.
ஒரு ரப்பர் பேண்டு போட்டேன்.
அதையும் யாராவது ஒரு நாள் கேட்பார்கள்.
இன்னொன்று போட்டேன்.